சிட்-ஃப்ளை பழக என்ன உடை போடலாம்?

கேள்வி: துபாயில் வேலை பார்க்கிறேன். ஸ்கைடைவிங்கில் முதல் நிலை உரிமமான ஏ லைசென்ஸ் வாங்கிவிட்டேன். இதுவரை வயிறு தரையைப் பார்த்த நிலையில்தான் குதித்திருக்கிறேன். அடுத்து உட்கார்ந்த நிலையில் விழும் சிட்-ஃப்ளை பழக ஆசை. நண்பர் தன் பழைய ஜம்ப்சூட்டைத் தருகிறேன் என்கிறார். அதில் ஷூவை மூடும் பூட்டியும், கை கால்களில் பிடித்துக்கொள்ளும் பட்டைகளும் இருக்கின்றன. ஆனால் குதிக்கும் தளமான டிராப்ஸோனில் சிலர் வெறும் டி-ஷர்ட், ஷார்ட்ஸோடு குதிக்கிறார்கள். எதைப் போடுவது? புது சூட்டுக்கே ஆர்டர் கொடுத்துவிடலாமா?

பதில்: நண்பரின் சூட் வேண்டாம். அது வயிற்று நிலையில் கூட்டாகப் பறப்பவர்களுக்காகத் தைத்தது. அந்த நிலையில் கால் பின்னால் நீண்டிருக்கும். பூட்டியில் காற்று பட்டால் முன்னே நகர வேகம் கிடைக்கும். சிட்-ஃப்ளையிலோ பாதம்தான் காற்றை முதலில் சந்திக்கிறது. அங்கே இவ்வளவு துணி இருந்தால் கால் மேலே தள்ளப்பட்டு மல்லாந்துவிடுவீர்கள். நண்பர் மனம் கோணாமல் சொல்லிவிடுங்கள்.

டி-ஷர்ட் விஷயம் அவ்வளவு சுலபமாகத் தீராது. வயிற்று நிலையில் எதிர்க்காற்று சட்டையை நெஞ்சோடு சேர்த்து அழுத்துகிறது. அதனால் லூசான சட்டைகூட ஓரளவு ஒழுங்காக இருக்கும். உட்கார்ந்த நிலையில் காற்று கீழிருந்து வருகிறது. சட்டை விளிம்புக்குள் புகுந்து, துணியை நெஞ்சு வரை ஊதித் தூக்கும். வேகமும் கூடுகிறது: வயிற்று நிலையில் மணிக்கு ஏறக்குறைய 190 கி.மீ. என்றால், சிட்-ஃப்ளையில் 240, 250 என்று போகும். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 250-இல் அது முன்பைவிட சுமார் 1.7 மடங்கு.

அப்படி ஊதிய துணி எங்கே போய் நிற்கும் என்பதுதான் கவலை. வலது விலாப்பக்கம், சிக்கிய மெயின் பாராசூட்டைக் கழற்றிவிடும் கட்அவே ஹேண்டில்; இடது பக்கம், மாற்றுப் பாராசூட்டைத் திறக்கும் ரிசர்வ் ஹேண்டில். மெயின் பாராசூட் சிக்கலாகத் திறந்தால் அந்த இரண்டையும் கண்ணால் பார்த்து, கையால் பிடித்து, வரிசையாக இழுக்க வேண்டும். பார்க்கும் இடத்தில் சட்டைத் துணி இருந்தால் தேடுவதிலேயே உயரம் கரைந்துவிடும். மெயின் பாராசூட்டை வெளியே இழுக்கும் குட்டிப் பாராசூட்டான பைலட் ஷூட்டின் ஹேண்டில், முதுகில் மாட்டும் பாராசூட் பையான கன்டெய்னரின் அடியில், வலது இடுப்புக்குப் பின்னால் இருக்கிறது. வெளியே தொங்கும் சட்டை வால் அதையும் மூடும். இல்லை என்றால் ஹேண்டிலோடு சேர்ந்து கைக்குள் வந்துவிடும். ஃப்ரீஃப்ளை (சிட்-ஃப்ளை, தலைகீழ் நிலை போன்றவற்றுக்குப் பொதுப்பெயர்) உடையை நிறத்தையும் ஸ்டைலையும் வைத்துத் தேர்ந்தெடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருவது இதனால்தான்.

ஆகவே ஆரம்பத்துக்கு உடம்போடு ஒட்டிய முழுக்கை டி-ஷர்ட் போதும். அதை பேன்ட்டுக்குள் நன்றாகச் செருகி, மேலே இறுக்கமான இடுப்புப் பட்டை. ஹூடி கூடாது: தொப்பி முதுகில் படபடக்கும், ரிக்கை, அதாவது பட்டைகளோடு சேர்ந்த பாராசூட் பையை, மூடிவைக்கும் ஊசியை (பின்) சரிபார்ப்பவருக்கும் மறைக்கும். பேன்ட் முழு நீளமாக, முட்டியை மடக்கத் தடையில்லாமல், கணுக்காலில் எலாஸ்டிக்கோ, பாதத்துக்கு அடியில் மாட்டும் பட்டையோ உள்ளதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் காற்று காலுக்குள் ஏறி முட்டி வரை சுருட்டிவிடும். ஒரு கால் சுருண்டு மற்றது சுருளாமல் இருந்தாலே நீங்கள் கேட்காமல் சுழல ஆரம்பிப்பீர்கள். ஷார்ட்ஸில் பறப்பவர்கள் தேர்ந்தவர்களாக இருக்கலாம். பாலைவனத் தரையில் சறுக்கி இறங்கும் முட்டிக்கு அது தெரியாது.

இன்னொன்று. சிட்-ஃப்ளையில் நிலை குலைந்து சட்டென்று வயிற்று நிலைக்கு வந்துவிட்டால், உங்கள் வேகம் நொடிகளில் 190-க்குக் குறையும். உங்களுக்கு மேலே இருப்பவர் இன்னும் 250-இல் வந்துகொண்டிருப்பார். மோதல் ஆபத்து அங்கேதான். உடை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, எதிர்பார்த்தபடி நடந்துகொள்ள வேண்டும் என்பது மற்றவர்களுக்காகவும்தான். ஆரம்பத்தில் கோச் ஒருவரோடு மட்டும் குதியுங்கள்.

துணியை எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது? இறகுப்பந்தை நினைத்துக்கொள்ளுங்கள்: எடை கீழே, காற்றைப் பிடிக்கும் இறகு மேலே. உட்கார்ந்த நிலையில் மேல் பகுதி உங்கள் கைகளும் முதுகும். அதனால் சட்டைக் கையில் சற்றுத் தடிமனான துணி இருந்தால் நிமிர்ந்து நிற்பது எளிது. தலைகீழாகப் பறக்கும் ஹெட்-டவுனில் மேலே இருப்பவை கால்கள். அப்போது தொளதொள பேன்ட் கைகொடுக்கும். அது பின்னால் வரும் பாடம்.

சூட் ஆர்டருக்கு அவசரம் வேண்டாம். 1990-களில் ஓலாவ் ஸிப்ஸர் போன்ற முன்னோடிகள் ஃப்ரீஃப்ளையை வளர்த்தபோது தொளதொள உடை சகஜம். கீழிருந்து வீசும் காற்றில் மிதந்து பழகும் விண்ட் டன்னலில் பயின்ற இன்றைய தலைமுறை இறுக்கமான சூட்டில் பறக்கிறது. உங்களுக்கு எது ஒத்துவரும் என்பது உங்கள் எடையையும் கூடப் பறப்பவர்களின் வேகத்தையும் பொறுத்தது. கனமானவர் வேகமாக விழுவார். கொஞ்சம் அதிகத் துணி அவரைத் தாமதப்படுத்தும். ஒல்லியானவருக்கு இறுக்கமே நல்லது. துபாயிலேயே விண்ட் டன்னல் இருக்கிறது. சூட்டுக்கு ஒதுக்கிய காசை முதலில் அங்கே செலவிடுங்கள். அங்கு தரும் சூட்டைப் போட்டுப் பார்த்தாலே உங்களுக்கு எவ்வளவு துணி வேண்டும் என்று ஓர் அறிவு வரும்.

ஷூவுக்குக் கயிறு மாட்டும் இரும்புக் கொக்கி இருக்கவே கூடாது. பாராசூட் கயிறு சிக்கும். மெல்லிய கையுறை சரி, ஆனால் ஹேண்டிலைத் தடவி உணர முடிய வேண்டும். 4,000 மீட்டரில் தரையைவிட 25 டிகிரி வரை குறைவாக இருக்கும். எனவே குளிர்காலத்தில் உள்ளே ஒட்டிய பனியன் ஒன்று போடுங்கள், வெளியே ஜாக்கெட் வேண்டாம். ஜிப் இல்லாத பாக்கெட்டில் எதையும் வைக்காதீர்கள்.

விமானம் ஏறும் முன் ஒரு சோதனை: ரிக்கை மாட்டி, நாற்காலியில் உட்காருவது போல் இறங்கி, கைகளை உயர்த்துங்கள். நண்பரை விட்டு சட்டை விளிம்பைக் கீழிருந்து இழுத்துத் தூக்கச் சொல்லுங்கள். வெளியே வந்தால் உடையை மாற்றுங்கள். அதே நிலையில் மூன்று ஹேண்டில்களையும் தொட்டுப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன், அது உடையைவிட முக்கியம். அந்த வேகத்தில் பாராசூட் தானாகத் திறந்தால் உடம்பு தாங்காது. ரிக் வாடகையோ சொந்தமோ, பாராசூட்டைச் சரிபார்க்கும் நிபுணரான ரிக்கரிடம் காட்டி, பையை மூடும் கயிற்று லூப் இறுக்கமா, ஊசியை மறைக்கும் மூடி நன்றாக நிற்கிறதா, பைலட் ஷூட்டை வைக்கும் பை தளர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு தொடைப் பட்டைகளையும் பின்னால் இணைக்கும் எலாஸ்டிக் கயிறும் வேண்டும். அது இல்லாவிட்டால் உட்காரும்போது பட்டைகள் முட்டியை நோக்கி நழுவும். ரிக்கர் சரி என்று சொன்ன பிறகு டி-ஷர்ட்டைத் தேடுங்கள்.