ட்ராம்போன் வாசித்தது யார்?

அன்புள்ள அக்கா,

வேலைக்கு வந்த பிறகுதான் எனக்கு ப்ராக்ரெசிவ் ராக் (நீளமான, சிக்கலான ராக் இசை) அறிமுகம். பிங்க் ஃப்ளாய்ட், யெஸ், ஜெனிசிஸ், கிங் கிரிம்சன் எல்லாம் கேட்டு முடித்துவிட்டேன். மைல்ஸ் டேவிஸ், மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா, வெதர் ரிப்போர்ட் என்று ஜாஸும் ராக்கும் கலந்த ஜாஸ் ஃப்யூஷனும் ஒரு சுற்று ஆயிற்று. இப்போது யாரும் கேட்காத ஆல்பங்களாகத் தேடுகிறேன். தினம் நாலைந்து கேட்கிறேன், ஆனால் ஒரு வாரம் போனால் எதுவும் நினைவில் நிற்பதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் கண்டுபிடித்த அபூர்வமான ஆல்பத்தை எல்லோரும் கேட்கத் தொடங்கிவிட்டால் எனக்கு அதன்மேல் ஆசை விட்டுப்போகிறது. உங்களுக்குப் பிடித்த, வெளியே தெரியாத பத்து ஆல்பங்களைச் சொல்ல முடியுமா? இவற்றை இசைத்தட்டில்தான் கேட்க வேண்டுமா? இசை இலக்கணம் தெரியாமல் புரியுமா?

கே.

அன்புள்ள தம்பி,

இசை இலக்கணம் வேண்டாம். எனக்கும் தெரியாது. அந்தக் கேள்வி அதோடு போயிற்று.

கிங் கிரிம்சனைக் கேட்டு முடித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சரி. அவர்களுடைய 'லிசார்ட்' ஆல்பத்தில் ட்ராம்போன் என்ற பித்தளை ஊதுவாத்தியத்தை வாசித்தது யார்?

கோபித்துக்கொள்ளாதீர்கள், பரீட்சை வைக்கவில்லை. கொஞ்ச நாளாக என் தலையில் ஓடிக்கொண்டிருப்பது இதுதான், உங்கள் கடிதம் சரியாக அந்த நேரத்தில் வந்து மாட்டிக்கொண்டது. கைபேசியில் ஒரு ஆல்பத்தைத் திறந்தால் ஒரு சின்னப் படம், தலைப்பு, பாட்டுகள், நிமிடக் கணக்கு. யார் யார் வாசித்தார்கள் என்பது எங்கோ உள்ளே இருக்கும், தேடினால் வரும், சில சமயம் வராது. யாரும் தேடுவதும் இல்லை. பத்துப் பேர் மூச்சைப் பிடித்து ஊதியதும் அடித்ததும் ஒரே தலைப்புக்குள் கரைந்துபோகிறது. அப்புறம் எதுவும் நினைவில் நிற்கவில்லை என்றால் எப்படி நிற்கும்? ஆள் முகம் பார்க்காமல் ஆயிரம் பேர் வீட்டுக்குப் போய்வந்திருக்கிறீர்கள்.

'லிசார்ட்' 1970இல் வந்தது. இரண்டாம் பக்கம் முழுவதும் 23 நிமிடத்துக்கு ஒரே தொகுப்பு. தொடக்கத்தில் யெஸ் குழுவின் ஜான் ஆண்டர்சன் வந்து பாடிவிட்டுப் போவார். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அவர் போன பிறகு வருவதைக் கேளுங்கள். பொலேரோ தாளம் ஒன்று நிதானமாகப் போகும், அதன்மேல் ராபின் மில்லரின் ஓபோ, நம் நாகசுரத்துக்கு உறவான குழல், தனியாக ஒரு மெட்டைப் பாடும். அழகான, கொஞ்சம் சோகமான மெட்டு. நீங்கள் அதில் உருகிக்கொண்டிருக்கும்போதே கார்னெட்டும் (ட்ரம்பெட்டின் தம்பி) ட்ராம்போனும் உள்ளே புகுந்து ஆளுக்கொரு பக்கமாக இழுக்க ஆரம்பிக்கும். நடுவே பியானோ ஓடும். ராக் ஆல்பத்துக்குள் ஒரு ஜாஸ் குழு வந்து உட்கார்ந்துகொண்டதா என்று தோன்றும். நடந்தது அதேதான். பியானோ கீத் டிப்பெட், கார்னெட் மார்க் சாரிக், ட்ராம்போன் நிக் எவன்ஸ். மூவரும் டிப்பெட்டின் சொந்த ஜாஸ் குழுவின் ஆட்கள். கிரிம்சனிலேயே சேர்ந்துவிடும்படி அதன் தலைவர் ராபர்ட் ஃப்ரிப் கேட்டும் டிப்பெட் சேரவில்லை.

இப்போது நிக் எவன்ஸின் பின்னால் போங்கள். அதே 1970இல் சாஃப்ட் மெஷின் என்ற குழுவின் 'தேர்ட்'. இரண்டு தட்டு, நான்கு பக்கம், பக்கத்துக்கு ஒன்றாக நான்கே பாட்டு. அதிலும் இந்த ட்ராம்போன் இருக்கிறது. அங்கே சாக்ஸபோன் வாசிக்கும் எல்டன் டீனும் டிப்பெட் குழுவிலிருந்து போனவர்தான். (எல்டன் ஜான் தன் பெயரில் பாதியை இவரிடமிருந்து எடுத்துக்கொண்டவர். எடுத்தவர் எங்கே இருக்கிறார், கொடுத்தவர் எங்கே இருக்கிறார், பாருங்கள்.) டிப்பெட் குழு 1971இல் கொண்டுவந்த ஆல்பத்தின் தலைப்பே சாஃப்ட் மெஷின் பாட்டு ஒன்றின் தலைப்பு: 'டெடிகேட்டட் டு யூ, பட் யூ வேரண்ட் லிசனிங்'. அதை உங்களுக்கே அனுப்பிவைக்கலாம். அதே ஆண்டு டிப்பெட் 50 பேரைக் கூட்டி சென்டிபீட் என்று பெயர் வைத்து 'செப்டோபர் எனர்ஜி' செய்தார். தயாரித்தவர் ஃப்ரிப். சில இடங்களில் தாங்க முடியாத கூச்சல், ஒத்துக்கொள்கிறேன். சில இடங்களில் 50 பேரும் ஒரே நேரத்தில் சரியான இடத்தில் வந்து நிற்பார்கள், எனக்கு அதற்காக மீதியைப் பொறுத்துக்கொள்ள முடிகிறது.

இப்படிக் கேட்க எனக்குப் பழக்கியவர் என் அண்ணனின் நண்பர் ஒருவர். அவரிடம் இருந்ததெல்லாம் பதிவு செய்த கேசட்டுகள், அசல் ஒன்றுகூடக் கிடையாது. கேசட் டப்பாவுக்குள் மடித்து வைக்கும் அட்டையில் பாட்டுகளின் பெயரை எழுதமாட்டார். வாசித்தவர்களின் பெயர்களைப் பென்சிலால் பொடிப்பொடியாக எழுதியிருப்பார். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஓர் எண் இருக்கும். அது வேறொரு கேசட்டின் எண். அந்த ஆள் அங்கேயும் இருக்கிறார் என்று பொருள். சில பெயர்களுக்கு எதிரில் வெறும் கோடு. அவர் இன்னும் வேறெங்கும் அகப்படவில்லை. எப்போதாவது ஒரு கோட்டை ரப்பரால் அழித்துவிட்டு எண் எழுதுவார், அன்றைக்கு மனிதர் தரையில் நிற்கமாட்டார். கேசட் இரவல் கேட்டால் சும்மா தரமாட்டார். போன தடவை கொண்டுபோனதில் கடைசிப் பாட்டில் முதலில் ஓய்ந்துபோகும் வாத்தியம் எது என்பார். முழிப்பேன். "போய்க் கேட்டுட்டு வா" என்று பழையதையே திருப்பிக் கையில் கொடுத்துவிடுவார். கிராதகர். அழுதுகொண்டே கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த வயதில் கேட்ட ஒவ்வொன்றும் இன்றைக்கும் எனக்கு ஆள் ஆளாக நினைவிருக்கிறது.

அவருடைய அட்டைகளில் அதிக எண்கள் தொங்கியது ஒரு ட்ரம்பெட்காரரின் பெயருக்கு எதிரில். மோங்கேசி ஃபேசா. உங்கள் பத்து ஆல்பங்களை மறந்துவிட்டு இவரைப் பற்றிக் கொஞ்சம் கேளுங்கள்.

கிங் கிரிம்சனின் 'ஐலண்ட்ஸ்' 1971இல் வந்தது. அதன் முதல் பாட்டு வில் போட்டு வாசிக்கும் டபுள் பேஸில் தொடங்கும். வாசிப்பவர் ஹாரி மில்லர். கிரிம்சன் ரசிகர்கள் பலர் அந்தப் பெயரைக் கடந்து போய்விடுவார்கள். அவர் தென்னாப்பிரிக்கர். அந்த ஊர்க்காரர்கள் வேறு பலரும் அப்போது லண்டனில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குக் காரணம் ப்ளூ நோட்ஸ் என்ற குழு. பியானோ வாசித்த கிறிஸ் மெக்ரெகர் வெள்ளையர், மற்றவர்கள் கறுப்பர்கள். நிறவெறிச் சட்டம் இருந்த நாட்டில் இப்படி ஒரு குழு ஒரே மேடையில் நிற்பதே குற்றம். 1964இல் பிரான்சில் ஆந்தீப் ஜாஸ் விழாவுக்கு வாசிக்கப் போனவர்கள் திரும்பவில்லை. ஐரோப்பாவில் அலைந்து லண்டன் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் ஃபேசா. 'செப்டோபர் எனர்ஜி'யின் 50 பேரில் அவரும் உண்டு. ஹென்றி கௌ குழுவின் 'இன் ப்ரெய்ஸ் ஆஃப் லேர்னிங்' ஆல்பத்தில் விருந்தாளியாக வருவார். சாஃப்ட் மெஷினில் ட்ரம்ஸ் வாசித்த ராபர்ட் வயட்டின் 'ராக் பாட்டம்' உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1973இல் ஜன்னலிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்த வயட் அடுத்த ஆண்டு வெளியிட்டது. அதில் ஒரு பாட்டில் ட்ரம்பெட் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அடுக்கி வரும். ஒரு கூட்டமே ஊதுவது போலிருக்கும். அத்தனையும் ஃபேசா ஒருவர்தான்.

1975 டிசம்பரில், 30 வயதில், நிமோனியாவில் இறந்துபோனார். அவருக்கு நினைவு அஞ்சலி நடந்தது. அது முடிந்த கையோடு ப்ளூ நோட்ஸ் தோழர்கள் மெக்ரெகர், டூடூ புக்வானா, ஜானி டியானி, லூயிஸ் மொஹோலோ நாலு பேரும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார்கள். என்ன வாசிப்பது என்று பேசிக்கொள்ளவில்லை. வாசித்தார்கள், டேப் ஓடியது. 1976இல் 'ப்ளூ நோட்ஸ் ஃபார் மோங்கேசி' என்று இரட்டைத் தட்டாக வந்தது. வெளியிட்ட ஓகன் என்ற சிறு நிறுவனத்தை நடத்தியவர்கள் ஹாரி மில்லரும் அவர் மனைவி ஹேசலும். அந்த ஆல்பத்தில் ட்ரம்பெட் கிடையாது. சில இடங்களில் சாக்ஸபோன் நிற்கும்போது நாமாக அங்கே ஒன்றை எதிர்பார்ப்போம். முழுதாக ஒரே மூச்சில் கேட்க எல்லா நாளும் எனக்குத் தெம்பு இருப்பதில்லை.

தம்பி, இந்த ஆல்பத்தைத்தான் நீங்கள் 'யாரும் கேட்காதது' என்ற அலமாரியில் வைப்பீர்கள். நாளை எல்லோரும் கேட்டால் உங்களுக்கு ஆசை விட்டுப்போகும். இதை எழுத வெட்கமாக இல்லையா? ஒரு ஆல்பம் அபூர்வமாக இருப்பது அதன் குணம் கிடையாது. பெரும்பாலும் வாசித்தவருக்கு வந்து சேராத பணம் அது. நாலு பேர் கூடுதலாகக் கேட்டால் சந்தோஷப்படுங்கள், அவ்வளவுதான். ஜாஸ் பியானோக்காரர் ஹெர்பி ஹான்காக்கின் 'செக்ஸ்டன்ட்' 1973இல் வந்தபோது விற்கவில்லை. செலவு கட்டுப்படியாகாமல் குழுவையே கலைத்தார். இன்று அதை அபூர்வம் என்று சொல்லிப் பெருமைப்படுகிறோம். கலைத்த கையோடு அதே ஆண்டு அவர் செய்த 'ஹெட் ஹண்டர்ஸ்' பிய்த்துக்கொண்டு போயிற்று. பழைய குழுவிலிருந்து புதியதற்குக் கூட்டிவந்தது பென்னி மாபின் ஒருவரை மட்டும். மைல்ஸ் டேவிஸின் 'பிட்சஸ் ப்ரூ'வில் அடியில் உறுமிக்கொண்டே இருக்கும் பேஸ் கிளாரினெட் அவருடையதுதான். மைல்ஸை ஒரு சுற்றுக் கேட்டீர்களே, கவனித்தீர்களா? மாபின் 1974இல் தன் பெயரில் செய்த 'தி ஜ்யூவல் இன் தி லோட்டஸ்' ஃப்யூஷன் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதற்கு நேர் எதிராக, குரலே உயர்த்தாமல் போகும். ஹான்காக்கும் அதில் வாசிக்கிறார்.

பட்டியல்தான் வேண்டும் என்றால் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. நர்ஸ் வித் வூண்ட் என்ற குழு 1979இல் தங்கள் முதல் தட்டோடு ஒரு பெயர்ப் பட்டியலை வைத்துக் கொடுத்தது. அடுத்த தட்டில் அதை நீட்டினார்கள். மொத்தம் 291 பெயர்கள். ஆல்பத்தின் பெயர் இல்லை, தர வரிசை இல்லை, விளக்கம் ஒரு வரி இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு காலம் காலமாகத் தேடியவர்கள் உண்டு. நான் மதிக்கும் ஒரே பட்டியல் அது, ஏனென்றால் வேலையை நம்மிடம் விட்டுவிடுகிறது. ஆனால் உங்கள் கையில் கொடுத்தால் தினம் நாலைந்து என்ற கணக்கில் இரண்டே மாதத்தில் அதையும் முடித்துவிட்டு வந்து நிற்பீர்கள். அதனால் இப்போதைக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இசைத்தட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். இருந்தால் அதில் கேளுங்கள், இல்லாவிட்டால் கைபேசி போதும்.

இந்த வாரம் புதிதாக எதுவும் வேண்டாம். 'ஐலண்ட்ஸ்' முதல் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாரி மில்லரின் டபுள் பேஸ் தவிர அதில் பாஸ் பர்ரெல் வாசிக்கும் எலெக்ட்ரிக் பேஸும் உண்டு. அது வந்து சேரும் இடம் எது என்று எழுதுங்கள். சரியாகச் சொன்னால், டிப்பெட்டின் மனைவி ஜூலி பாப் உலகில் கிடைத்த பெயரை உதறிவிட்டு வந்து 1975இல் பாடிய 'சன்செட் க்ளோ' பற்றிச் சொல்கிறேன். தப்பென்றால் மறுபடி கேட்டுவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
அக்கா