எம்.டி. முடித்த நுரையீரல் மருத்துவருக்கு டி.எம். எதற்கு?

மதுரையில் எம்.டி. நெஞ்சக மருத்துவம் முடிக்கப்போகும் தங்கைக்கு, மேலே மூன்று வருடம் டி.எம். (எம்.டி.க்கு அடுத்த உயர்சிறப்புப் படிப்பு) படிப்பது வீண்தானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், எம்.டி. மூன்று, டி.எம். இன்னொரு மூன்று. கூட்டினால் பதினொன்றரை; வீட்டில் கல்யாணப் பேச்சு எடுக்கத்தான் செய்வார்கள். நுழைவுக்கு நீட் எஸ்.எஸ். என்ற உயர்சிறப்புப் படிப்புகளுக்கான தேர்வு எழுத வேண்டும். பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்தவர்களும் இதே இடங்களுக்குப் போட்டி போடலாம் என்பதை மறந்துவிட வேண்டாம்.

மதுரைக்குப் பக்கத்துத் தோப்பூர் நெஞ்சக மருத்துவமனைக்கு வருவது போன்ற காசநோய், ஆஸ்துமா, புகைப்பழக்கத்தால் கெட்ட நுரையீரல், இவற்றைப் பார்க்க எம்.டி.யே போதும். டி.எம். கைக்கு வேலை கற்றுத்தருகிறது. உதாரணமாக, நெஞ்சின் நடுவில் நெறிக்கட்டி வீங்கியிருக்கிறது. காசநோயா, சார்காய்டோசிஸா (கிருமித் தொற்று இல்லாமலே உறுப்புகளில் சிறு கட்டிகள் வரும் நோய்), புற்றுநோயா? ஸ்கேன் படத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. நுனியில் அல்ட்ராசவுண்ட் பொருத்திய குழாயை வாய்வழியாக மூச்சுக்குழாய்க்குள் இறக்கி, சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கும் கட்டியைத் திரையில் பார்த்தபடியே ஊசியால் குத்திச் சதை எடுப்பார்கள். பக்கத்திலேயே பெரிய ரத்தக்குழாய்கள் துடித்துக்கொண்டிருக்கும். இதைப் பாடப்புத்தகம் பார்த்துப் பழக முடியாது.

அப்புறம் வென்டிலேட்டர், தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறு, நுரையீரல் தழும்பு நோய்கள் எல்லாம் உண்டு.

சொந்த ஊரில் சின்ன கிளினிக் போதும் என்றால், என்னைக் கேட்டால், டி.எம். தேவையில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் நிற்க ஆசையென்றால் எழுதச் சொல்லுங்கள். கல்லூரியைத் தேர்வு செய்யும்போது, அங்கே படிப்பவர்கள் தாங்களே குழாய் பிடிக்கிறார்களா, பக்கத்தில் நின்று பார்க்கிறார்களா என்று சீனியர்களிடம் விசாரிக்கட்டும்.