மறு: ஸ்கேனில் "மயலின் வயதுக்குக் குறைவு" என்று வந்திருக்கிறது

தம்பி, முதலில் பிள்ளையின் வயதைச் சரியாகக் கணக்குப் போடுங்கள். 30 வாரத்தில் பிறந்தவள், இப்போது 8 மாதம், எம்ஆர்ஐயில் மூளையின் முன்பக்கம் மயலின் (நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறை) குறைவு என்று போட்டிருக்கிறார்கள் என்கிறீர்கள். முந்திப் பிறந்த 10 வாரத்தைக் கழித்தால் அவளுக்கு ஐந்தரை மாதம்தான். மயலின் பின்னாலிருந்து முன்னே வருவது. மூளையின் இரண்டு பாதியையும் இணைக்கிற கார்பஸ் கலோசத்தின் முன்முனையில், எம்ஆர்ஐயில் ஒரு வகையான டி2 படத்தில் அது தெரிய 8 மாதம் போல ஆகும். எந்த வயதை வைத்துப் பார்த்தார்கள் என்று கேளுங்கள், ஸ்கேனுக்கு எழுதும் சீட்டில் குறைமாதம் என்று எழுதாமல் விடுவது நடக்கிற விஷயம்தான்.

மயலின் சுற்றும் ஒலிகோடென்ட்ரோசைட் செல் நம்ம பிசானப் பருவ நெல் நாற்று மாதிரி. முன்னோடி செல்லாக ஒரு இடத்தில் நெருக்கமாகப் பெருகி, அங்கிருந்து இடம் பெயர்ந்து, அப்புறம்தான் கிளை விட்டு, ஒரே செல் பல நரம்பிழைகளைச் சுற்றும். நடுவில் முதிராத பருவம் ஒன்று உண்டு. கருவில் 23 முதல் 32 வாரம் வரை அதுதான் மிகுதி, ஆக்ஸிஜன் குறைந்தாலோ தொற்று வந்தாலோ முதலில் சாய்வதும் அதுதான். பதிலுக்குப் புது முன்னோடிகள் வந்தாலும் அடிபட்ட இடத்தில் முதிராமலே நின்றுவிடலாம். அதனால் "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று நான் சொல்லமாட்டேன்.

இன்னொன்று, அந்தச் செல்லை முதிர வைப்பதில் தைராய்டு ஹார்மோனுக்குப் பெரிய பங்கு. குறைமாதப் பிள்ளைக்கு முதல் சோதனை சரியாக இருந்தாலும் பிறகு மாறலாம், திரும்பப் பார்த்தார்களா?

குப்புற விழுகிறாளா, ஒரு கையை மட்டும் மடக்கியே வைத்திருக்கிறாளா என்று கவனித்துக் குழந்தை நரம்பியல் டாக்டரிடம் சொல்லுங்கள். மேலே ஒருத்தர் தன் பதிலில் சொன்ன டானிக்கை வாங்காதீர்கள்.