சொல்லாத எழுத்தை ஏன் எழுத வேண்டும்?

கேள்வி: ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் 'நைஃப்' என்பதை 'என்' போட்டுத் தொடங்கி மார்க்கை இழந்தாள். உச்சரிக்காத 'கே' அங்கே எதற்கு?

பதில்: காதில் விழுந்ததைத்தான் எழுதியிருக்கிறாள், திட்டாதீர்கள். அந்தக் 'கே' ஒரு காலத்தில் நன்றாகவே ஒலித்தது. பழைய ஆங்கிலத்தில் 'க்னீஃப்' என்பதுபோலச் சொன்னார்கள். முழங்காலுக்கான சொல்லிலும் அப்படியே, ஜெர்மன்காரர்கள் இன்றும் அதை 'க்னீ' என்றுதான் சொல்கிறார்கள். 1476-ல் வில்லியம் காக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார், அப்புறம் எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்துபோக, பேச்சு மட்டும் மாறிக்கொண்டே போனது, உயிரொலிகள் இடம் மாறின, 'கே' மௌனமானது, இரவைக் குறிக்கும் 'நைட்' நடுவில் நிற்கும் 'ஜி ஹெச்'சும் ஒலியை இழந்தது.

ஆனால் கடனைக் குறிக்கும் 'டெட்' வேறு கதை. அதிலுள்ள 'பி' ஆங்கிலத்தில் ஒருநாளும் ஒலித்ததில்லை. பிரெஞ்சிலிருந்து 'பி' இல்லாமல் வந்த சொல் அது, லத்தீன் மூலம் 'டெபிட்டும்' என்று காட்டுவதற்காகப் படித்தவர்கள் செருகிவிட்டார்கள். 'ஐலண்ட்'டில் உள்ள 'எஸ்' இன்னும் மோசம்! அந்தச் சொல் லத்தீனிலிருந்து வரவே இல்லை, லத்தீன் வழி வந்த, தீவையே குறிக்கும் 'ஐல்' என்ற வேறொரு சொல்லோடு குழப்பிக்கொண்டு சேர்த்ததுதான். இதற்கெல்லாம் பிள்ளைகளிடம் மார்க் குறைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சரி, தேர்வுக்கு என்ன வழி? கத்தி, முழங்கால், முடிச்சு, கதவைத் தட்டுவது, இவற்றுக்கான ஆங்கிலச் சொற்களை ஒரே குடும்பமாகச் சேர்த்து, வீட்டில் படிக்கும்போது மட்டும் 'கே'யை உரக்கச் சொல்லியே படிக்க வையுங்கள்.