ஜீன்ஸ் வேண்டாம் தம்பி

காரைக்குடிக்காரன், பனியே பார்த்ததில்லை, ஜனவரியில் உத்தராகண்டின் கேதார்கண்டா பனிமலை ஏறப் போகிறேன், ஜீன்ஸும் இரண்டு ஸ்வெட்டரும் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது தம்பி. ஜீன்ஸ், பருத்தி பனியன் இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நம்மூர் வெயிலுக்குப் பருத்திதான் ராஜா. அங்கே வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாமல் உடம்போடு ஒட்டிக் கிடக்கும். நின்ற ஐந்தாவது நிமிடம் பல் தந்தியடிக்கும். உள்ளே பாலியெஸ்டர் அல்லது கம்பளி, நடுவில் ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற செயற்கைக் கம்பளிச் சட்டை, மேலே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட். ஏறும்போது ஒன்றைக் கழற்றுங்கள், நின்றதும் மாட்டுங்கள்.

நான் தேவகோட்டைக்காரன். முதல் தடவை தண்ணீர் பாட்டிலை நிமிர்த்தி வைத்தேன், காலையில் வாய்ப்பக்கம் உறைந்து அடைத்துக்கொண்டது. பனி மேலிருந்துதான் கட்டும், தலைகீழாக வையுங்கள். இரவில் போனும் உங்களோடு தூங்கட்டும், குளிரில் சார்ஜ் மளமளவென இறங்கும்.

உச்சி சுமார் 12,500 அடி. தலைவலியோடு வாந்தி வந்தால் வீம்பு வேண்டாம், கீழே இறங்கிவிடுங்கள். கறுப்புக் கண்ணாடி கட்டாயம்.

பயிற்சிக்குக் குன்றக்குடி படி போதாது, வாராவாரம் முதுகில் பையோடு பிரான்மலை ஏறுங்கள். அப்புறம், ஆச்சியிடம் சொல்லி மாவுருண்டை கொஞ்சம் கட்டிக்கொள்ளுங்கள்.