கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் பொலிஸார் சோதனையைக் கூட்டினால் வன்னியில் விபத்து குறையுமா?

ஓரளவு குறையும். ஆனால் எந்த நேரம் நிற்கிறார்கள் என்பதுதான் விஷயம். பகலில் கிளிநொச்சிச் சந்தையடியில் தலைக்கவசம் பார்ப்பது சுலபம். இங்கே ஆபத்து பொழுதுபட்ட பிறகுதான். எதிரே வரும் பஸ்ஸின் வெளிச்சத்தில் கண் கூசும். அது கடந்ததும் பார்த்தால் முன்னால் பின்விளக்கில்லாத லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்), இல்லையென்றால் தார்ச் சூட்டுக்குப் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடு. அறுவடைக் காலத்தில் வீதியோரம் நெல்லும் காயும். (அதற்கு யாருக்குத் தண்டம் எழுதுவது?)

தண்டப்பத்திரம் எழுதினால் 14 நாளுக்குள் கட்ட வேண்டும், பிந்தினால் இரட்டிப்பு. குடித்துவிட்டு ஓட்டினால் அந்த வழியே இல்லை, நேரே நீதிமன்றம்தான். சரி, என்னிடம் கேட்டால், முதலில் உழவு இயந்திரப் பெட்டிகளின் பின்னால் ஒளிதெறிக்கும் பட்டி ஒட்டவைக்க வேண்டும். அப்புறம் மாட்டுச் சொந்தக்காரரைப் பிடிக்கலாம்.