தலை போன ஆகாயம்
குறுக்கெழுத்து: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 'பட்டால் வலிக்கும், உடம்பும் இதுதான்.' மூன்று கட்டம். ரணம் என்று நிரப்பினேன். கீழே போகும் சொற்களில் ஒன்று சரிவருகிறது, மற்றவை பிழைக்கின்றன. (வாசகி, கொக்குவில்)

பதில்: விடை காயம். ரணம் முதற்பாதிக்கு மட்டுமே பொருந்தும். இரண்டுக்கும் கடைசிக் கட்டம் 'ம்' என்பதால் அந்த ஒரு சொல் சரிவந்து உங்களை ஏமாற்றிவிட்டது. காயம் என்றால் உடம்பு. காயகற்பத்தில் இருப்பது அந்தக் காயந்தான். குறிப்பில் 'உம்' வந்தால் இரண்டாவது பொருளையும் தேடவேண்டும்.

இந்தச் சொல்லைக் காரச் சரக்கின் பக்கமிருந்தும் கேட்பார்கள்: பெருங்காயம், வெங்காயம், பிள்ளை பெற்றவளுக்கு இடித்துக் கொடுக்கும் காயமருந்து. 'தலை போன ஆகாயம்' என்றாலும் இதுதான், 'ஆ'வை வெட்டிவிடுங்கள். குறிப்புகளில் தலை முதலெழுத்து, வால் கடைசி எழுத்து.

புள்ளி எழுத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது. ஆகவே 'ம்' விழுந்த கட்டத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு சொல் தொடங்கினால் உங்கள் விடையைச் சந்தேகியுங்கள். ஆனால் அதற்கு முன் குறிப்பின் கடைசியில் 'திரும்பியுள்ளது', 'குழம்பியுள்ளது' (விடையைத் தலைகீழாகவோ எழுத்துகளைக் கலைத்தோ எழுதவேண்டும், அப்போது புள்ளி முதலில் வரலாம்) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்தில் பலரும் வாசிக்காமல் விடுவது அதைத்தான்.

கேள்வி: 'நீரேரிக் கரையில் மரம், முழங்காலில் நீலம்.' நான்கு கட்டம். கன்றல் சரியா? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: நீலத்துக்குச் சரி, மரத்துக்கு இல்லை. சரசாலைப் பக்கம் சேற்றில் வேரூன்றி நிற்பது என்ன? கண்டல். அடிபட்டுக் கண்டிப்போனால் கண்டல் காயம். நல்ல குறிப்பு, எழுதியவர் நம்மூர் ஆளாகத்தான் இருப்பார். நாலு கட்டக் காயச் சொற்களில் புள்ளி எங்கே விழுகிறது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்: கண்டல், கன்றல், வீக்கம் மூன்றிலும் இரண்டாங் கட்டத்திலும் கடைசியிலும், சுளுக்கு, தழும்பு இரண்டிலும் மூன்றாங் கட்டத்தில். ஐந்து கட்டமென்றால் சிராய்ப்பு. அது பொருந்தாவிட்டால் நம்மவர் சொல்லும் உரஞ்சலைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: இரண்டு கட்டத்தில் புண், வடு, ஊறு மூன்றும் பொருந்துகின்றனவே? (வாசகர், வேலணை)

பதில்: ஆறுவது புண், ஆறாதது வடு, 129ஆம் குறளை வைத்துத்தான் கேட்பார்கள். மாங்காயோ ஊறுகாயோ தலைகாட்டினாலும் வடு. ஐம்புலன் என்று வந்தால் ஊறு, அங்கே அதற்குத் தொடுகை என்று பொருள்.

கேள்வி: கணினியில் கட்டம் தயாரித்தால் காயத்துக்கு ஐந்து கட்டம் விழுகிறது. (ஆசிரியர், சுன்னாகம்)

பதில்: மென்பொருள் எழுத்தை எண்ணவில்லை, ஒருங்குறிக் குறியீடுகளை எண்ணுகிறது: க, கால், ய, ம, புள்ளி. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் முன்னெழுத்தோடு ஒட்டி எண்ணச் செய்தால் மூன்றாகிவிடும். அப்படிச் செய்த பிறகும் 'க்ஷ', 'ஸ்ரீ' ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரியும். அவற்றைக் கையால் ஒரே கட்டத்தில் போடுங்கள்.